கடையில் வாங்கிய கழிவுப்பொருள்



கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தாலும் கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

மாங்கேணிப் பக்கம் படிப்பிக்கும் நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து பேசியதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பாடசாலைக் கண்காட்சி என்றால் "கழிவுப்பொருளில் ஆக்கம்" என்று ஒரு மேசை கட்டாயம் இருக்கும். அந்த மேசைக்காக உம்மாமார் புத்தகக் கடைக்கு ஓடுகிறார்கள். புதுப் பக்கற் ஐஸ்கிறீம் குச்சி, புது ஃபோம் சீட், மினுமினுப்புத் தூள், பசைக் குழாய், பெயின்ற். சோடாவைப் பாதியில் ஊற்றிவிட்டுப் போத்தலைக் கொண்டுவரும் பிள்ளையும் உண்டு. கண்காட்சி முடிந்த அடுத்த நாள் அவ்வளவும் பாடசாலைக் குப்பைக் கிடங்கில் கிடக்கிறது.

இதில் எது கழிவு? எது ஆக்கம்? காசு கொடுத்துக் குப்பை வாங்கி, அதற்குப் பெயின்ற் அடித்து, பரிசும் கொடுத்து, மறுபடி குப்பையில் போடுகிறோம். இதைப் பார்த்துப் பிள்ளை சுற்றாடலைப் படிக்கவில்லை, ஏமாற்றுவதைப் படிக்கிறது.

"போத்தல் ஒன்றாவது எறியப்படாமல் மிஞ்சியதுதானே" என்று கேட்பீர்கள். இல்லை. சும்மா கிடந்த கண்ணாடிப் போத்தலுக்கு ஊரில் ஒரு விலை இருந்தது. போத்தல், பழைய பேப்பர் எடுக்க வருபவர் அதை வாங்கிப் போவார். கழுவினால் மறுபடி நிரப்பலாம். உடைந்தாலும் உருக்கி இன்னொரு போத்தல் ஆக்கலாம், எத்தனை தடவையும் ஆக்கலாம். அதே போத்தலுக்குப் பசை தடவி, மினுமினுப்பு தூவி, பிளாஸ்டிக் பூ ஒட்டிவிட்டால் அவரும் எடுக்கமாட்டார். அந்தப் போத்தலுக்கு இருந்த அடுத்த பிறவியையும் நாம் முடித்துவைக்கிறோம். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் செத்தது 2022 தொடக்கத்தில் உலகச் செய்தியானது. கிழக்கில் குப்பை எங்கே போகிறது என்று தெரியாதவர் போல நாம் நடிக்க முடியாது.

அடுத்தது அன்பளிப்பு. பிரியாவிடை, ஆசிரியர் தினம், புது வீடு, கல்யாணம் எதற்கும் இப்போது "ரெட்ரோ" சாமான்தான். பாடாத கிராமபோன், பேசாத சுழற்று ரெலிபோன், துருப்பிடித்தது போலப் பெயின்ற் பூசிய தகரச் சைக்கிள், பற்றரியில் எரியும் அரிக்கன் லாம்பு. எங்கோ தொழிற்சாலையில் போன மாதம் பிறந்த சாமானுக்கு எண்பது வயது வேஷம்.

அதே வீட்டில் மூத்தம்மாவின் உண்மையான அரிக்கன் லாம்பு எங்கே? பித்தளைப் படிக்கம் எங்கே? வட்டா எங்கே? பழைய இரும்புக்காரரிடம் நிறை பார்த்துக் கொடுத்தாயிற்று. உண்மையானதைக் கிலோ கணக்கில் விற்று, போலியைத் துண்டுக் கணக்கில் வாங்கும் கணக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

ஒன்றையும் தெளிவாகச் சொல்லவேண்டும். பழையது எல்லாமே அழகு என்று நாங்கள் சொல்லவில்லை. இப்போது குப்பி விளக்கையும் "பழைய நினைவு" என்று அலங்காரமாக வைக்கிறார்கள். குப்பி விளக்கு தட்டுப்பட்டுச் சாய்ந்து, எண்ணெய் கொட்டி, எரிந்த வீடுகளும் வெந்த பிள்ளைகளும் இந்த நாட்டில் எத்தனையோ. தீக்காயத்தோடு வந்தவர்களுக்கு வைத்தியம் செய்த சத்திரசிகிச்சை நிபுணர் டாக்டர் விஜய கொடகும்புர, மாமைற் போத்தலின் குட்டையான வடிவத்தைப் பார்த்து ஒரு விளக்கு வடிவமைத்தார். பாரமான அடி, உருளாதபடி இரண்டு தட்டையான பக்கங்கள், சாய்ந்தாலும் எண்ணெய் கொட்டாத திருகு மூடி. "சுதீப" என்று பெயர். 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

வடிவமைப்பு என்றால் இதுதான். எறியும் போத்தலைப் பார்த்து ஓர் உயிரைக் காப்பாற்ற யோசிப்பது. பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்காமல் மினுமினுப்புத் தூள் வாங்கிவரச் சொல்லலாமா?

நம் சனத்துக்கு மீள்பாவனையை யாரும் வெளியிலிருந்து கற்றுத்தரத் தேவையில்லை. யுத்த காலத்துப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தவர்கள் ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெய் விட்டுப் படித்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். இந்தப் பக்கத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்கு ஒரு தறப்பாள் முதலில் கூரை, பிறகு வேலி, பிறகு நெல் காயவிடும் பாய். 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே பின்போட்டார்கள். அந்த வருடம் பழைய கொப்பியின் வெற்றுத்தாளைக் கிழித்துத் தைத்த உம்மாமார்தான் உண்மையான ஆக்கம் செய்தவர்கள். அவர்களுக்கு எந்தக் கண்காட்சியிலும் மேசை கிடைக்கவில்லை.

நபி (ஸல்) அவர்கள் கிழிந்த ஆடையையும் அறுந்த செருப்பையும் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று மிம்பரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தைப்பதைக் கேவலம் என்றும் எறிவதை அந்தஸ்து என்றும் எப்போது மாற்றிக்கொண்டோம்?

"கடைக்காரரும் நம்மவர்தானே, அவர் பிழைப்பு?" என்பார்கள். நியாயமான கேள்வி. கடைக்காரர் நாம் கேட்பதைத்தான் கொண்டுவருவார். பன்பாயையும் ஓலைப்பெட்டியையும் கேட்டால் அதே தட்டில் அதை வைப்பார். அவர் இலாபமும் குறையாது, இழைத்தவளுக்கும் அடுப்பு எரியும்.

"பன்பாயை யார் அன்பளிப்பாக வாங்குவார்?" என்பது அடுத்த கேள்வி. கைத்தறிக்கு நல்ல நிறமும் வடிவமும் கொடுத்தால் வெளிநாட்டவரும் தேடி வருவார்கள் என்பதை பார்பரா சன்சோனி 1960களிலேயே கொழும்பில் "பெயர்ஃபுட்" மூலம் காட்டிவிட்டார். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் மாகாணத்திலேயே, அறுகம்பையில், பாவித்த அரிசிச் சாக்கில் பை தைத்து விற்கிறார்கள். வெள்ளைக்காரர் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார். அந்தப் பை வருடக் கணக்கில் உழைக்கும், அதுதான் அதன் அழகு. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பயணி நம் ஊரைத் தாண்டித்தான் போகிறார். அவர் நின்று வாங்க நம்மிடம் என்ன இருக்கிறது? சோடாவும் சிப்ஸும்.

ஆகவே நாங்கள் கேட்பது நான்கே நான்கு:

1. கண்காட்சி மேசைக்குக் காசு கொடுத்து வாங்கிய எதுவும் வரக்கூடாது. வீட்டில் கழிந்ததுதான் வரவேண்டும்.

2. புள்ளி அழகுக்கு அல்ல, பாவனைக்கு. ஒரு மாதம் கழித்தும் அந்தப் பொருள் வீட்டில் வேலை செய்கிறதா என்று பார்த்துப் புள்ளி போடுங்கள். உடைந்த கதிரையைத் திருத்திய பிள்ளைக்கு முதலிடம்.

3. பரிசளிப்புக்கும் பிரியாவிடைக்கும் மருதமுனைக் கைத்தறி, பன்பாய், பனையோலைப் பெட்டி, சுளகு, நீத்துப்பெட்டி வாங்குங்கள். இழைத்தவளிடம் பேரம் பேசாதீர்கள். சீனத்துக் கிராமபோனுக்குப் பேசாத பேரத்தை ஊர்ப் பெண்ணிடம் மட்டும் பேசுவது வெட்கம்.

4. வீட்டில் மிஞ்சியிருக்கும் பழைய சாமானை விற்குமுன் ஒருதரம் துலக்கிப் பாருங்கள். பாவிக்க முடிந்ததைப் பாவியுங்கள். சும்மா அலுமாரியில் அடைப்பதற்காகச் சொல்லவில்லை.

அதிபர்களே, அபிவிருத்திச் சங்கத்தினரே, பள்ளி நிருவாகத்தினரே, இதற்குச் சுற்றறிக்கையும் நிதியும் தேவையில்லை. வருகிற தவணைக் கண்காட்சியிலேயே தொடங்கலாம். மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், மரியாதையோடு பதில் சொல்வோம். உடன்பாடு என்றால் உங்கள் வகுப்பு ஆசிரியருக்கு இதை அனுப்புங்கள்.

வஸ்ஸலாம்.