அக்னிவீரர்கள் திரும்பும் நேரம்: ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடத்தில் அவர்களுக்கு என்ன இருக்கிறது?

ஒன்றிய அரசு 2022 ஜூன் 14 அன்று அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த முதல் தொகுதி வீரர்களின் நான்கு ஆண்டுப் பணி, 2026 இறுதியில் முடியத் தொடங்குகிறது. அறிவிக்கப்பட்ட விதிப்படி ஒரு தொகுதியில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர் மட்டுமே படையில் தொடர முடியும். மற்றவர்கள் 21 முதல் 27 வயதுக்குள் வீடு திரும்புவார்கள்.

காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அதைச் சுற்றியும் வேலை தேடும் இளைஞருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்பகுதி. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான், ஒரகடத்தில் ரெனால்ட், டைம்லர், ராயல் என்ஃபீல்டு என ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. வல்லம் வடகாலில் விமானத் துறைக்கென்றே தனித் தொழிற்பூங்கா உண்டு. படையிலிருந்து திரும்புபவர்களுக்கு இந்தத் தொழிற்பகுதியும் அரசின் நலத்திட்டங்களும் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

தகுதியைத் தீர்மானிக்கும் ஒரு சொல்

அரசு தரும் சலுகைகள் எல்லாம் 'முன்னாள் படைவீரர்' என்ற தகுதியைச் சார்ந்தே இருக்கின்றன. சிப்பாய் முதல் ஹவில்தார் வரையிலானோர் குறைந்தது 15 ஆண்டுகள் பணியாற்றினால் ஓய்வூதியம் உண்டு. 2014 ஜூலை 1 முதல் கணக்கிடப்படும் 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' திட்டத்தின் பலனும் அதில் சேரும். 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் ஓய்வூதியம் பெறுபவருக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்துக்கும் சிகிச்சை தருகிறது. ராணுவ கேண்டீன் வசதி, ஒன்றிய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீத இடஒதுக்கீடு ஆகியவையும் முன்னாள் படைவீரர்களுக்கு உண்டு.

நான்கு ஆண்டு முடித்து வெளியேறும் அக்னிவீரருக்கு இந்தத் தகுதி கிடையாது. ஓய்வூதியம், பணிக்கொடை, இ.சி.எச்.எஸ்., கேண்டீன் எதுவும் இல்லை என்று திட்ட விதிகளே சொல்கின்றன. அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் 'சேவா நிதி'. இதில் 5.02 லட்சம் ரூபாய் அவருடைய மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்ட பணம். அதே அளவு தொகையை அரசு போடுகிறது. மீதி, வட்டி. மகன் பெருந்தொகையோடு வருகிறான் என்று வீடு கட்டவோ தங்கைக்குத் திருமணம் முடிக்கவோ அதைச் செலவழித்துவிட்டால், 24 வயதில் அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

துணை ராணுவப் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 2022இல் 10 சதவீத ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டது. அங்கே இடம் கிடைக்காதவர்கள் தனியார் வேலையைத்தான் நம்ப வேண்டும். ஆலை வேலையில் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும்வரை இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி கிடைக்கும். அந்த வேலை போனால் சிறிது காலத்தில் அதுவும் நின்றுவிடும்.

ஆலைக்கு உள்ளேயா, வாசலிலா?

முழுப் பணிக்காலம் முடித்த படைவீரர் பெரும்பாலும் 40 வயதை ஒட்டி ஓய்வு பெறுகிறார். பிள்ளைகளின் படிப்புச் செலவு ஏறும் வயது அது. பொதுத்துறை நிறுவனங்களில் ஒதுக்கீடு இருக்கிறது. அவற்றுக்குக் காவலர்களை அனுப்ப, பாதுகாப்பு அமைச்சகத்தின் டி.ஜி.ஆர். என்ற மறுவாழ்வு அமைப்பும் இருக்கிறது. ஆனால் இத்தொழிற்பகுதியின் பெரிய ஆலைகள் அனைத்தும் தனியார் ஆலைகள். முன்னாள் படைவீரர்களை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவற்றுக்கு இல்லை. அதனால் ராணுவத்தில் வாகனமும் ரேடியோவும் பழுது பார்த்தவர்கூட, ஒப்பந்த நிறுவனத்தின் சீருடையில் ஆலை வாசலில் காவல் நிற்க நேரிடுகிறது.

இங்கே மாநில அரசின் கையில் ஒரு பிடி இருக்கிறது. இந்த ஆலைகளுக்கு சிப்காட் மூலம் நிலம் தருவதும் முதலீட்டுச் சலுகை தருவதும் மாநில அரசுதான். அந்த ஒப்பந்தங்களில், படையில் தொழில்நுட்பப் பணி செய்தவர்களையும் அக்னிவீரர்களையும் உற்பத்திப் பிரிவில் சேர்ப்பதற்கு ஓர் அளவை நிர்ணயிக்கலாம். ராணுவம் தரும் திறன் சான்றிதழை ஐ.டி.ஐ. சான்றிதழுக்கு இணையாக ஏற்கும்படி ஆலைகளைக் கேட்கலாம்.

சொந்தத் தொழில் தொடங்க, 2024 சுதந்திர தினத்தன்று அறிவிக்கப்பட்ட 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும் 30 சதவீத மூலதன மானியமும் உண்டு. அக்னிவீரர்களுக்கும் இத்திட்டம் பொருந்தும் என்று அரசு தெளிவாக அறிவிக்க வேண்டும். வட்டிக் கடனைத் தவிர்க்கும் நம் குடும்பங்களுக்கு, கடன் வாங்காமல் மானியத்தை மட்டும் பெறும் வழியும் தேவை.

65 வயதைக் கடந்தவர்கள்

சில ஆண்டுகள் மட்டும் படையில் இருந்து, ஓய்வூதியம் இல்லாமல் திரும்பிய முதியவர்களும் அவர்களின் விதவைகளும் பல ஊர்களில் இருக்கிறார்கள். நிரந்தர வருமானம் இல்லாத, ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்தவர்களுக்கு 65 வயதுக்கு மேல் ஒன்றிய அரசின் வறியநிலை உதவித்தொகை உண்டு. 4,000 ரூபாயாக இருந்த மாதத் தொகை, 2025 நவம்பர் 1 முதல் 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மகள் திருமண உதவி 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமானது. தொழிற்கல்வி படிக்கும் பிள்ளைகளுக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை தனி. மாதம் ஆண்களுக்கு 2,500, பெண்களுக்கு 3,000 ரூபாய். விண்ணப்பங்களுக்கு வழிகாட்டும் இடம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்.

ஜமாஅத்கள் செய்யக்கூடியது

தகுதி இருந்தும் உதவி கிடைக்காமல் போவதற்குப் பெரிய காரணம் ஆவணங்கள். பணிக்காலத்தில் நடந்த திருமணமும் குழந்தை பிறப்பும் 'பார்ட் டூ ஆர்டர்' மூலம் ராணுவப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியத்துக்கு மனைவி அலைய வேண்டியிருக்கும். பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேடு மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டு திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லா மதத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும்.

பெயர் எழுத்துக்களும் நம் வீடுகளில் வழக்கமான சிக்கல். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் முகமது, ஆதாரில் முஹம்மது, வங்கிக் கணக்கில் மொகமத் என்று இருந்தால் 'ஸ்பர்ஷ்' ஓய்வூதிய இணையதளத்தில் பணம் நின்றுபோகக்கூடும். அதைத் திருத்த வேண்டிய நேரம், வீரர் உயிரோடு இருக்கும் காலம். ஆண்டுக்கு ஒருமுறை வாழ்நாள் சான்று தருவதையும் மறக்கக் கூடாது.

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் உள்ள முன்னாள் படைவீரர்கள், அவர்களின் விதவைகள், அக்னிவீரர்கள் ஆகியோரின் பட்டியலைத் தயாரித்து, கணினி தெரிந்த இளைஞர் ஒருவரை இந்த வேலைக்குப் பொறுப்பாக்கலாம். அக்னிவீரர்களுக்கு முன்னாள் படைவீரர் தகுதி வேண்டும் என்ற கோரிக்கை டெல்லியில் பேசப்பட வேண்டியது. அதுவரை, தெருக்கோடியில் இருக்கும் மூதாட்டிக்கு மாதம் 8,000 ரூபாய் கிடைப்பதற்கு ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கத் தேவையில்லை.