பனி மேல் பழி போடாதீர்கள்

மார்கழி பிறந்ததும் காரைக்கால் வட்டாரத்தில் ஒரு புளுகு விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்து உலாவக் கிளம்பிவிடும். 'பனிண்ணே, அதான் வண்டி எடுக்கல. கொஞ்சம் வெயில் ஏறினா சரியாயிடும்.'

பழைய டீசல் வேனை விற்ற புரோக்கர் இதைச் சொல்கிறார். ரிப்பேர் பார்க்க வந்த மெக்கானிக் சொல்கிறார். கடன் வாங்கி வண்டி எடுத்து, ஏலத்துக்கு நேரமாகிறதே என்று மீன் பெட்டிகளோடு நிற்கிற மனிதரும் கடைசியில் அதையே சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்கிறார். மூன்று பேரும் ஒரே பொய்யைச் சொன்னால் அது தொழில்நுட்பம் ஆகிவிடுமா?

எந்தப் பனி ஐயா? திருவேட்டக்குடி கடலோர ஊர். மார்கழி, தை விடியலில் கூட இங்கே வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நாம் மப்ளர் கட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. டீசலுக்கு அதெல்லாம் குளிரே கிடையாது. இந்தியத் தர நிர்ணயப்படி குளிர்காலத்தில் விற்கிற டீசல் 3 டிகிரி வரைக்கும் ஓடுகிற பதத்தில் இருக்க வேண்டும். லடாக்கில் டீசல் உறைந்து போகிறது என்பதற்காக 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத தனி ரகத்தை இறக்கியது. அது நியாயமான குளிர். கார்கில்காரர் பனியைத் திட்டினால் நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்பேன். காரைக்கால்காரர் திட்டினால் சிரிப்புதான் வருகிறது.

பனிக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். டீசல் எஞ்சினில் பொறி வைக்கிற பிளக் இல்லை. காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்காக நசுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிறார்கள். நசுக்குகிற வேகம் குறைந்தாலோ, காற்று பிஸ்டன் ஓரமாகக் கசிந்தாலோ சூடு போதாது. அதிலும் பழைய டெம்போ வேன்களில் டீசல் முதலில் ஒரு குட்டி அறைக்குள் போய் எரியும். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த அந்த அறை சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால்தான் ஹீட்டர் பிளக் வைத்தார்கள். 'டி.ஐ.' என்று முதுகில் எழுதியிருக்கிற வண்டிகளில் இந்தக் குட்டி அறை கிடையாது. இந்த ஊர்க் குளிருக்கு அவற்றில் பலவற்றுக்கு ஹீட்டரே தேவைப்படாது. ஆக, 20 டிகிரியில் எடுக்காத வண்டிக்குள் ஏற்கெனவே ஒரு நோய் இருக்கிறது. பனி அதைக் காட்டிக்கொடுக்கிற சாட்சி. நாம் சாட்சியைப் பிடித்து உள்ளே போடுகிறோம், திருடன் பானெட்டுக்குள் சுகமாக உட்கார்ந்திருக்கிறான்.

இந்தத் திருடனைப் பிடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம். காதும் கண்ணும் மூக்கும் போதும். சாவியைத் திருப்பியதும் செல்ஃப் முக்கி முனகிச் சுற்றுகிறதா? அப்படியானால் டீசல் பக்கமே போகாதீர்கள், குற்றம் கரண்ட்டில் இருக்கிறது. நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்கு மிகவும் கீழே சரிந்தால் ஒன்று பேட்டரி போச்சு, இல்லை செல்ஃப் அளவுக்கு மீறி இழுக்கிறது. சரியாமல் நின்றும் முனகினால் ஒயரைப் பாருங்கள். நம் கடற்கரை ஊர்களின் நிஜ வில்லன் அங்கேதான் இருக்கிறான். உப்புக் காற்று. எஞ்சினையும் பேட்டரியையும் இணைக்கிற எர்த் ஒயரின் நுனியில் பச்சை பூத்துக் கிடக்கும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸில், மறுமுனையை எஞ்சின் இரும்பில் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த ஒயர்தான் குற்றவாளி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினால் முடிகிற காரியம். இதற்குப் புது பேட்டரி வாங்கினவர்கள் எத்தனை பேர்!

செல்ஃப் ஜோராகச் சுற்றியும் பற்றவில்லையா? ஒருத்தரைப் பின்னால் போய் சைலென்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. நிறுத்தி வைத்த இரவில் எங்கோ ஒரு கீறலில் காற்று நுழைந்து, குழாயிலிருந்த டீசல் டேங்குக்கே திரும்பியிருக்கும். கைப் பம்பை நாலு அழுத்து அழுத்தியதும் எடுத்துக்கொண்டால் சந்தேகமே வேண்டாம், ஏர் பிடிக்கிறது. ஒரு முழம் கண்ணாடி டியூபை நடுவில் போட்டால் குமிழி கண்ணாலேயே தெரியும். ஃபில்டர் அடியிலிருக்கும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். மார்கழிக்கு முந்தின இரண்டு மாதமும் இங்கே மழைக்காலம் என்பதைப் பனியைத் திட்டுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

வெள்ளைப் புகை, கூடவே பச்சை டீசல் நாற்றம் என்றால் டீசல் போகிறது, எரியவில்லை. அப்போதுதான் ஹீட்டர் பிளக். ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பிளஸிலிருந்து டெஸ்ட் லைட்டைப் பிளக்கின் தலையில் வையுங்கள். எரியாவிட்டால் அந்தப் பிளக் செத்துப்போச்சு. எல்லாம் எரிந்து, பிளக்குகளுக்குக் கரண்ட்டும் ஒழுங்காக வந்தும் வண்டி எடுக்கவில்லையா, கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். செலவு இனிமேல்தான்.

பத்து நிமிஷம், ஒரு மீட்டர், ஒரு பல்பு. ஆனால் நடப்பது என்ன? முதலில் பேட்டரி மாற்றுகிறார்கள். பிறகு நாலு பிளக். பிறகு நாசிலையும் பம்பையும் கழற்றிக் கடைக்கு அனுப்புகிறார்கள். 'மாத்திப் பாப்போம்ணே' என்பது வைத்தியமா, சூதாட்டமா? சிவன் வேடனாக வந்த தலம் என்று திருவேட்டக்குடிக்குப் பெருமை சொல்வார்கள். வேடன் தடம் பார்த்துப் போவான். இவர்கள் புதர் புதராக அம்பு விடுகிறார்கள், அம்புக்குக் காசு நம்முடையது.

இன்னும் மோசம், எரிகிற துணியை ஏர் ஃபில்டர் வாயில் காட்டுவது. எண்ணெய்ப் பிசுக்கு படிந்த பானெட்டுக்குள் கொள்ளிக்கட்டையோடு குனிகிறவனுக்கு முகம் இருக்க வேண்டாமா? ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்பிரே அடிப்பதும் அதே ரகம். பிளக் சூடாக இருந்தால் ஈதர் நேரம் காலம் பார்க்காமல் வெடிக்கும்.

மெக்கானிக்கை மட்டும் திட்டுவது நியாயமில்லை. அரைமணி நேரம் தடவிப் பார்த்து, 'எர்த் ஒயர்தான், சுரண்டிட்டேன், 300 ரூபாய் கொடுங்க' என்று ஒரு நல்ல மெக்கானிக் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? 'சுரண்டினதுக்கு முந்நூறா?' என்று சண்டைக்குப் போகிறோம். அவரே 6,000 ரூபாய்க்குப் புது பேட்டரி வைத்தால் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக் கொடுக்கிறோம். பொருளுக்குக் காசு உண்டு, மூளைக்குக் கிடையாது. பிறகு அவர் எதை விற்பார்? லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கத் தரங்கம்பாடியிலிருந்தும் நாகூரிலிருந்தும் எல்லை தாண்டி வந்து டீசல் போடுகிற சிக்கனம் ஒர்க்ஷாப் வாசலில் எங்கே போகிறது?

இதே திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது. 2010-ல் தொடங்கிய நிறுவனம், மெக்கானிக்கல் துறை உண்டு. ஐ.டி.ஐ.க்களில் டீசல் மெக்கானிக்குக்கென்றே ஒரு வருடப் படிப்பு நடக்கிறது. மார்கழியில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை இந்த மாணவர்கள் மீட்டரோடு மீன் வேன்கள் நிற்கிற இடத்துக்கு வந்தால், புத்தகத்தில் இல்லாத உப்பையும் பார்ப்பார்கள், வண்டிக்காரர்களும் பிழைப்பார்கள். யாராவது கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக வாங்கப் போகிறவர்களுக்கு. சென்னையில் 2015-லும் 2023-லும் வெள்ளத்தில் மூழ்கின வண்டிகள் எல்லாமே பழைய இரும்புக்குப் போய்விடவில்லை. கழுவித் துடைத்தால் சீட் புதுசாகும், ஒயருக்குள் ஏறின தண்ணீர் ஏறினதுதான். பத்து மணிக்கு வாங்க, வண்டி ரெடியா இருக்கும் என்று புரோக்கர் சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டுக் காலை ஐந்தரைக்கே போய் நில்லுங்கள். முதல் வேலையாக பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுங்கள்.