எந்தக் கணக்கில் 500 கிலோமீட்டர்?

யாங்கோனின் போட்டாதாங்கில் உளுந்துத் தரகு பார்க்கிறேன். எஃப்.ஏ.கியூ.வா, எஸ்.கியூ.வா என்று தரத்தைச் சொல்லாமல் எங்கள் தொழிலில் யாரும் விலை பேச மாட்டார்கள். அப்படிப் பழகிய நானே, ஒரு தடவை சார்ஜ் போட்டால் 500 கிலோமீட்டர் ஓடும் என்று விற்பவர் சொன்னபோது, அது எந்தக் கணக்கு என்று கேட்காமல் மின்காரை வாங்கிவிட்டேன்.

2022 நவம்பரில் மியன்மாரில் மின்கார் இறக்குமதிக்குச் சுங்கவரி நீக்கப்பட்டது. பெட்ரோலுக்கு வரிசையில் நின்று சலித்தவர்கள் பலரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நானும் ஒருவன். காரில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. குறை அந்த 500-இல்தான்.

வெயில் காலத்தில் குடும்பத்தோடு நேப்பிடோவுக்குக் கிளம்பினோம். நாலு பேர், சாமான், ஏசி. விரைவுச்சாலையில் வேகம் 100-ஐத் தாண்டவில்லை. சாலையின் 115-ஆவது மைல் ஓய்விடம் வந்தபோது வீட்டிலிருந்து 220 கிலோமீட்டர் ஆகியிருந்தது. சொன்ன கணக்குப்படி பேட்டரியில் 56 சதவீதம் மிச்சம் இருக்க வேண்டும். இருந்தது 24. கடைசி இருபது கிலோமீட்டரை ஏசியை நிறுத்திவிட்டுத்தான் ஓட்டினேன். பின்சீட்டில் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே, “கார் கெட்டுப்போச்சாப்பா?” என்று கேட்டார்.

கார் கெடவில்லை, கணக்குத்தான் வேறு. பிஒய்டி அட்டோ 3 என்ற காரையே எடுத்துக்கொள்ளுங்கள். 60.48 யூனிட் பேட்டரி. சீனாவின் சிஎல்டிசி சோதனையில் அதற்கு 510 கிலோமீட்டர், ஐரோப்பாவின் பழைய என்இடிசி முறையில் 480, இப்போதைய டபிள்யூஎல்டிபி முறையில் 420. இந்தியாவில் விற்றபோது சொன்னது 521. பேட்டரி ஒன்று, எண் நாலு. சீனச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர்கூட இல்லை. 80-இலிருந்து 100-க்குப் போனாலே காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. விரைவுச்சாலையில் எனக்கு 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட்டுக்கு மேல் போகிறது. பெகுவுக்கு 80-இல் போய்வந்தால் 16.

ஊருக்குள் வேறு விதம். ஸ்ட்ராண்ட் சாலையில் துறைமுக லாரிகளுக்குப் பின்னால் நிற்கும்போது சக்கரம் சுழல்வதில்லை, ஏசி மட்டும் ஓடுகிறது. ஏசி தின்பது கிலோமீட்டர் கணக்கில் அல்ல, மணிக்கணக்கில்.

எங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தெருவுக்கு முறைவைத்து நாலு மணி நேரம் கரண்டு வந்தால், வீட்டு பிளக்கில் மணிக்கு 2 யூனிட் வீதம் 8 யூனிட் ஏறும். 50 கிலோமீட்டர். பேட்டரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அன்றைக்கு எனக்குக் கிடைப்பது அவ்வளவுதான். அதனால்தான் நான் இப்போது தூரத்தைக் கேட்பதில்லை, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று கேட்கிறேன். காரில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து ஒவ்வொரு பயணத்தையும் எழுதி வருகிறேன். மூன்று மாதம் எழுதினால் எந்த விளம்பரமும் நம்மை ஏமாற்ற முடியாது.

இந்தியாவில் டாடா இப்போது சோதனை எண்ணோடு, நாலில் மூன்று வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்கும் தூரம் என்று இன்னொன்றையும் சொல்கிறது. 55 யூனிட் பேட்டரி உள்ள கர்வ் காருக்கு 2024-இல் அறிமுகத்தின்போது சொன்னது சோதனையில் 585, சாலையில் 400 முதல் 425. உண்மையைச் சொன்னதால் யாரும் கடையை மூடிவிடவில்லை.

யாங்கோனில் மின்கார் விற்பவர்களும் இதைச் செய்ய வேண்டும். ஏசி போட்டு, நாலு பேரோடு, விரைவுச்சாலையில் 100-இல் ஓட்டிப் பார்த்த எண்ணைக் கண்ணாடியில் ஒட்டுங்கள். வாங்கப் போகிறவர்களே, முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்: இது எந்தச் சோதனையின் எண்? பதில் வராவிட்டால், எழுதியிருக்கும் தூரத்தில் பாதியை வைத்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள்.