வேட்டைக்கு எந்த கேமரா வாங்கலாம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் திண்ணையில் ஈஸிச்சேரைப் போட்டுச் சாய்ந்திருந்தேன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் தங்கை பேரன் வந்து நின்றான்.

"தாத்தா, ஒரு நல்ல டிஜிட்டல் கேமரா சொல்லுங்க. வெலை கொஞ்சம் கூடுனாலும் பரவாயில்ல."

எனக்கு ஒரே சந்தோஷம். தபால் இலாகாவில் 37 வருடம் குப்பை கொட்டியதில் நான் மிச்சம் பிடித்தது ஒரு பென்ஷனும் இந்தப் போட்டோக் கிறுக்கும்தான் என்பது இதைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எழுந்து உட்கார்ந்து, "எதுக்குப்பா எடுக்கப் போற? கல்யாணமா, காடா?" என்று கேட்டேன்.

"வர்ற சிவராத்திரிக்கு பிரண்ட்ஸோட வேட்டைக்குப் போறோம் தாத்தா. முயலு, கெடைச்சா பன்னி. போன தடவை செல்போன்ல எடுத்தது ஒண்ணுமே தெளிவா வரல."

சந்தோஷம் அப்படியே இறங்கிவிட்டது. சிவராத்திரியை ஒட்டிப் பாரிவேட்டை என்று நாயைக் கூட்டிக்கொண்டு முயலுக்குப் போகும் வழக்கம் நம் தென்மாவட்டக் கிராமங்களில் உண்டு. வனத்துறை எச்சரித்தும் முழுசாக நின்றபாடில்லை. ஆனால் அதைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவதற்கென்றே கேமரா வாங்குவது எனக்குப் புதுசு. "அது தப்புடா சாமி" என்று ஆரம்பித்தேன். அவன் பதில் பேசவில்லை. கதவு வழியாகக் கூடத்துச் சுவரைக் காட்டினான்.

"அது மட்டும் என்ன தாத்தா?"

அந்தச் சுவரில் தொங்கியது 1971-ல் நான் எடுத்த படம். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா வாங்கிக் கொடுத்த ஆக்ஃபா கிளிக் த்ரீ கேமரா. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். தேவாரத்துக்கு மேற்கே சாக்குளத்து மெட்டு அடிவாரத்தில் என் சித்தப்பா ஒரு மிளாவைச் சுட்டார். ஒற்றைக் குழல் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து, அதன் கழுத்தில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "எடுடா" என்றார். எடுத்தேன். பெரிதாகக் கழுவிச் சட்டம் போட்டு மாட்டினோம். வந்தவர்கள் எல்லாம் பார்த்து மெச்சினார்கள்.

படத்தில் தெரியாத ஒன்று உண்டு. அந்த மிளா சினையாக இருந்தது. அறுத்தபோதுதான் தெரிந்தது. சித்தப்பா அன்றைக்குக் கறி சாப்பிடவில்லை. இதை யாரும் வெளியில் பேசவில்லை. படம் மட்டும் ஐம்பது வருடத்துக்கு மேல் பெருமையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்த நிலையில் மாட்டிக்கொண்டேன். பையன் போய்விட்டான். அன்றிலிருந்து யோசித்து யோசித்து அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அவனைப் போலப் பேரன்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள்.

முதலில் சட்டம். 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் என்ன என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். சுடுவதும் விஷம் வைப்பதும் மட்டும் வேட்டை இல்லை. கண்ணி வைப்பது, பொறி வைப்பது, பிடிப்பது, விரட்டுவது, இரை போட்டு இழுப்பது எல்லாமே வேட்டைதான். அதற்கு முயற்சி செய்தாலும் வேட்டைதான். பறவைக் கூட்டையும் முட்டையையும் கலைப்பதுகூட அதே விளக்கத்துக்குள் வருகிறது. முயலும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் பிராணிதான். யானை, புலி போன்ற முதல் அட்டவணை விலங்கு என்றால் குறைந்தது 3 வருடம், அதிகம் 7 வருடம் ஜெயில்.

இந்த விளக்கத்தைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். துப்பாக்கி பிடித்தவன் மட்டுமா இதில் சிக்குகிறான்? போடிமெட்டு ரோட்டில் காட்டுமாடு தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று ஹாரனை அடித்து விரட்டுகிறவன் யார்? வாழைப்பழத்தை நீட்டிக் குரங்கை வரவைத்து செல்பி எடுக்கிறவன் யார்? குஞ்சுகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கூட்டை மறைத்த கிளையை ஒடித்துப் போடுகிறவன் யார்? "நாங்க கொல்லலையே, போட்டோதான எடுக்கிறோம்" என்று இவர்கள் சொல்கிறார்கள். சட்டத்தின் சொற்படி பார்த்தால் இவர்கள் கேமராவோடு வேட்டைக்குப் போனவர்கள். இந்த ஜாதியைத்தான் நான் இங்கே திட்ட வந்தேன்.

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவைத் தூக்கினால் புண்ணியவான் ஆகிவிடலாம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அந்தப் பெருமை பெரிய ஆட்களுக்கு உரியது. வடக்கே எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்ற வனத்துறை அதிகாரி, புலியே கம்பியை மிதித்துத் தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும்படி இரவில் கேமரா வைத்தார். 1927-ல் அந்தப் படங்கள் புத்தகமாக வந்தன. ஜிம் கார்பெட் துப்பாக்கியைக் குறைத்துக் கேமராவுக்கு மாறியதில் அவருக்குப் பங்கு உண்டு. நம்மவர் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். 1996-ல் காலமாகும் வரை காட்டைப் பற்றியே எழுதினார். தானே ஒட்டுப்போட்டுச் செய்த கேமராவை வைத்து எடுத்தவர் அவர். இவர்களிடம் இருந்தது பொறுமை. மிருகம் தன் வேலையைப் பார்க்கும், இவர்கள் காத்திருப்பார்கள். நம் ஆட்களிடம் நல்ல கேமரா இருக்கிறது, காத்திருக்க நேரம்தான் இல்லை.

நம் கண் முன்னால் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். போடிமெட்டைத் தாண்டினால் வரும் சின்னக்கானலில் 2023 ஏப்ரல் 29 அன்று அரிக்கொம்பனைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மேகமலைப் பக்கம் சுற்றிவிட்டு மே 27-ல் கம்பம் ஊருக்குள் வந்தது. தெருவில் ஓடும் யானைக்கு முன்னால் எத்தனை செல்போன்கள் நீண்டன என்பதை நாம் டிவியில் பார்த்தோம். அடிபட்ட ஒருவர் பிறகு இறந்தே போனார். ஊரை ஒட்டிய தோப்பில் அது ஒதுங்கி நின்றபோது, வீடியோவுக்காக ஒருவர் ட்ரோனைப் பறக்கவிட்டார். யானை மிரண்டு ஓடியது. தோப்பில் நின்ற யானையை ஓடவைத்தால் அது விரட்டுவதுதானே? ஜூன் 5-ல் மறுபடியும் மயக்க ஊசி போட்டுக் களக்காடு முண்டந்துறைக்கு லாரியில் கொண்டுபோனார்கள். நம் தேவாரத்து மக்னாவையும் மறந்திருக்க மாட்டீர்கள். அதைப் பிடிக்கக் கும்கிகள் வந்து நின்றபோது, வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை விலக்குவதும் ஒரு பெரிய வேலையாகத்தான் இருந்தது.

இப்போது கேமராவுக்கு வருகிறேன். நான் சொல்வது ஒரே விதி: உன்னை மிருகத்துக்குத் தள்ளி நிறுத்துகிற கேமராவை வாங்கு. கிட்டே போகச் சொல்லும் கேமரா வேண்டாம்.

அந்தக் கணக்கில் செல்போன்தான் ரொம்ப மோசம். அதன் முதன்மை லென்ஸ் அகலமாகப் பார்க்கும். 24 மில்லிமீட்டர் அளவு என்பார்கள். நூறு மீட்டரில் நிற்கும் யானை அதில் எறும்பு மாதிரித் தெரியும். இரண்டு விரலை வைத்துப் பெரிதாக்கினால் படம்தான் புள்ளி புள்ளியாக உடையும். அது டிஜிட்டல் ஜூம். இருக்கிற படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. அதனால் கை தானாகவே நீளும், கால் தானாகவே முன்னே போகும். சாவு அந்த நாலு எட்டில் இருக்கிறது.

பார்க்க வேண்டியது ஆப்டிகல் ஜூம், அதாவது லென்ஸே நீண்டு இழுப்பது. லென்ஸ் மாற்ற வேண்டாத பெரிய ஜூம் கேமராக்கள் இருக்கின்றன. நிக்கான் பி900 என்பது 2015-ல் வந்தது, 83 மடங்கு, 2000 மில்லிமீட்டர் அளவு. 2018-ல் வந்த பி1000, 125 மடங்கு; ஆனால் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ கனம், மலை ஏற ஆகாது. கேனான் எஸ்எக்ஸ்70 என்பது 65 மடங்கு, கைக்கு அடக்கம். 2000 மில்லிமீட்டரில் அதே நூறு மீட்டர் யானை முழுசாகப் படத்துக்குள் அடங்காது. கண்ணும் காதும்தான் தெரியும். அது உன்னை ஏறிட்டும் பார்க்காது. பழைய கேமரா நல்ல நிலையில் கிடைத்தாலே போதும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகைக் கேமராக்களின் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. விடியலிலும் அந்தியிலும் படத்தில் மணல் தூவினாற்போல இருக்கும். இரவில் வேலைக்கே ஆகாது. என்னைக் கேட்டால் அது குறையே இல்லை. இருட்டில் காட்டில் உனக்கு என்ன வேலை? அடிவாரத் தோட்டத்துக்காரனே இருட்டினால் டார்ச்சும் துணையும் இல்லாமல் இறங்க மாட்டான்.

இன்னும் மூன்று விஷயம். பிளாஷை அணைத்து வை. ட்ரோன் பக்கமே போகாதே. மூன்றாவது பலருக்குத் தெரியாது: செல்போனிலும் சில கேமராக்களிலும் எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். மிளா தண்ணீர் குடிக்க வரும் ஓடையை நீ படம் எடுத்து அப்படியே அனுப்பினால், கண்ணி வைக்கிறவனுக்கு வழி காட்டியவன் நீதான். லொகேஷனை அணைத்துவிட்டு எடு.

எங்கே எடுப்பது? 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. அதற்குள் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. அனுமதி ஒரு சம்பிரதாயம் என்று நினைக்கிறவர்கள் குரங்கணியை நினைத்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச் 11 அன்று மலையில் தீ வந்தபோது இறங்க வழி தெரியாமல் எத்தனை பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள்! நடைபாதையும் ரோட்டோரமும் கண்மாய்க் கரையும் நமக்குப் போதும்.

"எங்க பாட்டன் வேட்டையாடினவர்" என்று ஒரு வாதம் வரும். என் சித்தப்பாவும் ஆடினவர்தான். அவர் காலத்தில் மலை அடிவாரம் வரை காடு வந்திருந்தது. இப்போது தோட்டமும் வேலியும் ரிசார்ட்டும் போக மிச்சத்தில் அந்தப் பிராணிகள் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. "பன்னி வெள்ளாமையை அழிக்குதே" என்பது நியாயமான வாதம். மக்காச்சோளம் போட்டவன் வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். அதற்கு அரசாங்கம் 2025-ல் ஒரு வழி செய்திருக்கிறது: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து அழிக்கும் பன்றியை வனத்துறை ஆட்களே சுடலாம். அது துறையின் வேலை. பிரண்ட்ஸோடு போய்ப் படம் எடுக்கிற வேலை அல்ல. வெள்ளாமை போனவன் யாரும் செத்த பன்றி மேல் கால் வைத்துப் போஸ் கொடுத்து நான் பார்த்ததில்லை.

கடைசியாக அந்தச் சுவர்ப் படம். பையன் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் எடுத்த படம்தான் அவனுக்கு ஆசை காட்டியது. வேட்டை என்றால் துப்பாக்கியும் தோரணையும் என்று சொன்னது அந்தச் சட்டம்தான். வயிற்றுக்குள் இருந்ததை அது சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவன் போன மறுநாள் அதைக் கழற்றினேன். கிழிக்க மனம் வரவில்லை. சித்தப்பா இருக்கிறார் அதில். பின்பக்கம் வருடமும் இடமும் எழுதி, அதற்குக் கீழே "சினை மிளா" என்றும் எழுதி வைத்தேன். சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் விழுந்திருக்கிறது.

பையன் இன்னும் போன் பண்ணவில்லை. சிவராத்திரிக்கு முன்னால் வருவான் என்று நினைக்கிறேன். வந்தால் முதலில் படத்தின் பின்பக்கத்தைக் காட்டப் போகிறேன். அதற்குப் பிறகும் கேமரா வேண்டும் என்றால் நானே கூடப் போய் வாங்கித் தருகிறேன், விடியக்காலையில் கண்மாய்க் கரையில் என்னோடு உட்கார வேண்டும் என்ற நிபந்தனையோடு.

உங்கள் வீட்டுச் சுவரிலும் இப்படி ஒரு படம் இருந்தால், அதில் தெரியாத விஷயத்தைப் பேரன் பேத்திகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், ஐயா. நாம் போன பிறகு அதைச் சொல்ல ஆள் இருக்காது.