சிற்றூர்தியினின்று பேரூர்திக்கு

கல்வியிற் படிமுறை உண்டென்பதை எவரும் மறுப்பதில்லை. அரிச்சுவடியை முடித்த சிறுவன் கையில் மறுநாளே தொல்காப்பியத்தைக் கொடுப்பார் இலர். ஆயினும், பொறிகளை இயக்கும் வகையில் மட்டும் இப்படிமுறையை எளிதிற் கைவிட்டு விடுகின்றோம். பெரியதை வாங்க வல்லவன் பெரியதை இயக்கவும் வல்லவன் என்று எண்ணிக்கொள்கின்றோம். இவ்வெண்ணம் பிழையென்பதை, எமது ஊராகிய சம்பூரில் அண்மையில் எழுந்த ஒரு சிறு வழக்கைக் கொண்டு பழைய மாணவர்க்கும், இன்றைய மாணவர்க்கும், ஆசிரியப் பெருமக்கட்கும் எடுத்துரைக்க விரும்புகின்றோம். தமிழ் கற்பிப்பவருக்குப் பறக்கும் பொறியோடு யாது உறவு என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைத்தபின் மேலே படிப்பாராக.

எம் மாணவன் ஒருவன் உயர்தர வகுப்பிற் கணிதம் பயில்பவன். உள்ளங்கையளவான விளையாட்டு உலங்கு வானூர்தி ஒன்றை வகுப்பறைக்குள்ளே பறக்கவிட்டுப் பழகியவன். கையிலுள்ள கருவியினின்று வானலை வழியே கட்டளை பெற்று இயங்குவது அது. எம்மூரார் 'ஹெலி' என்பதே வழக்கு. 'உலங்கு' என்பது கொதுகினத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். நின்றவிடத்தே நின்று இரையும் இப்பொறிக்கு அப்பெயர் பொருந்துவதேயாம்.

கனடாவில் வாழும் அம்மாணவனின் மாமனார் சென்ற ஆண்டு ஊர் வந்தபோது, மருகன்மேல் வைத்த அன்பினால், பெரிய ஊர்தி ஒன்றைப் பெட்டியோடு கொணர்ந்து கொடுத்தார். இறக்கை ஒன்றின் நீளம் மட்டும் 70 சென்ரிமீற்றர். பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எம் இல்லம் வந்தான். "சேர், இல்ல மெய்வல்லுநர் போட்டியன்று இதை மைதானத்திலே ஏற்றினால் ஊரே திரண்டு பார்க்கும்" என்றான். யாம் இசையவில்லை. மாமனாருக்கு வருத்தம். பெற்றோர் சிலருக்குச் சினம். பிள்ளைகளின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கும் வாத்தியார் என்ற பெயரும் எமக்கு வந்து சேர்ந்தது. அப்பெயரைத் துடைப்பதற்காக அன்றி, அவர்கள் வினாவிற்கு நேர்மையாக விடை கூறுவதற்காகவே இதனை எழுதுகின்றோம்.

முதற்கண், பையன் பக்கத்து நியாயத்தைக் கூறுதல் வேண்டும். "பெரியதுதான் பறக்க இலேசு, சேர்" என்று அவன் வாதித்தான். அஃது உண்மையே. ஈர்க்குக் குச்சியை உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள், கண்ணிமைக்குமுன் சாய்ந்துவிடும். உலக்கையை நிறுத்தினால் அது மெல்லச் சாயும்; சாய்வதைக் கண்டு கையை நகர்த்த நேரம் கிடைக்கும். ஊர்திகளின் இயல்பும் இதுவே. சிறியது துடிதுடிப்புடையது, கை சற்றுப் பிசகினும் புரண்டுவிடும். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் எம்மூர் வெளியில் அதனை ஏற்றவே இயலாது. பெரியதோ பொருண்மையாலும் பரப்பாலும் நிதானமுடையது. காற்றை ஓரளவு தாங்கும். தொலைவிற் சென்றாலும் கண்ணுக்குப் புலப்படும். ஆகவே, சிறியதிலேயே என்றும் உழல்க என்று யாம் கூறவில்லை. கற்பவன் ஒருநாள் மேலேறத்தான் வேண்டும்.

ஆனால், ஈர்க்கு விழுந்தாற் சிரிப்போம். உலக்கை விழுந்தாற் கால் போகும். இவ்விரண்டாம் உண்மையைப் பையனும் மாமனாரும் எண்ணினாரல்லர்.

கணக்கைப் பார்ப்போம். தொடக்கநிலையைத் தாண்டியோர் வழங்கும் நடுத்தர ஊர்தியின் இறக்கை ஏறத்தாழ 32 சென்ரிமீற்றர் நீளமுடையது. நிறை 1 கிலோகிராம் அளவினது. நிமிடத்திற்கு 2,800 முறை சுழலுமாயின், இறக்கை நுனி மணிக்கு 380 கிலோமீற்றர் வேகத்தில் விரையும். பையனுக்குக் கிடைத்த பேரூர்தியோ 5 கிலோகிராம் அளவினது. அது நிமிடத்திற்கு 2,000 முறையே சுழலினும், இறக்கை நீண்டமையால் நுனியின் வேகம் மணிக்கு 590 கிலோமீற்றரை எட்டும். இறக்கையின் நிறையும் பலமடங்காதலின், அச்சுழற்சியில் அடங்கிய ஆற்றல் நடுத்தர ஊர்தியினதைப்போற் பத்து மடங்கிற்கு மேற்பட்டது. மெதுவாகச் சுழல்வது போலத் தோன்றுவதே இதிலுள்ள ஏமாற்றம். 2013ஆம் ஆண்டு செப்டெம்பரில் நியூயோர்க் நகரின் புறுக்ளின் பகுதிப் பூங்காவொன்றில், இத்தகைய பேரூர்தியைப் பறக்கவிட்ட 19 வயது இளைஞன் அதன் இறக்கை தாக்கி மாண்டான். அவன் புதியவனும் அல்லன். நன்கு பயின்று, இத்துறையிற் பெயர் பெற்றவன். வல்லவனுக்கே அது நேருமாயின், தொடக்கக்காரன் கூட்டத்தின் நடுவே ஏற்றினால் யாது நேரும் என்பதைப் பெற்றோரே எண்ணிக்கொள்க.

எமது அனுபவத்தையும் மறைக்காது கூறுகின்றோம். மாணவனோடு யாமும் நடுத்தர ஊர்தி ஒன்றை இயக்கப் பழகினோம். வால் எம்மை நோக்கியிருக்கும்வரை எல்லாம் இனிதே நடந்தது. ஊர்தியின் முகம் எம்மை நோக்கித் திரும்பியதும், கண்ணாடியில் எழுதுவான் நிலைபோல, இடம் வலமாயிற்று; வலம் இடமாயிற்று. கை மாறியது. ஊர்தி வேலிக் கதிகாலில் மோதிச் சிதறியது. ஒடிந்த இறக்கைத் துண்டு பன்னிரண்டடி தள்ளியிருந்த நீர்த்தாங்கியிற் பட்டு அதனைக் கீறிற்று. அத்தாங்கியின் அருகிலேதான் சற்று முன்னர் ஒரு சிறுமி குடம் நிரப்பிச் சென்றாள். அன்றிரவு எமக்கு உறக்கமில்லை. நடுத்தரமானது செய்த வேலை இது என்றால், பெட்டியிற் கிடக்கும் பேரூர்தியை எண்ணி அஞ்சுதல் கோழைமை ஆகாது.

இனி, உலங்கு வானூர்தி என்னும் பொறியே எவ்வாறு பிறந்தது என்பதைச் சற்று நோக்குவோம். அமெரிக்கரான ஆதர் யங் என்பார் 1928ஆம் ஆண்டு தொட்டுச் சிற்றுருவங்களைச் செய்து செய்து சோதித்தார். சிற்றுருவம் புரளும், உடையும், மீண்டும் செய்வார். ஈற்றிலே, சுழலிக்குக் கீழே எடை பூட்டிய கோலொன்றைக் குறுக்கே அமைத்து, ஊர்தியைத் தடுமாறாது நிறுத்தும் வழியைக் கண்டார். 1941இலேதான் பெல் நிறுவனத்தார் அச்சிற்றுருவத்தின் ஆற்றலைக் கண்டு அவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டனர். அம்முயற்சியின் பயனாகிய பெல் 47 என்னும் ஊர்தி 1946 மார்ச்சில், பொதுமக்கள் பயன்பாட்டிற்குச் சான்றிதழ் பெற்றது. சிற்றுருவத்தோடு கழிந்த அந்தப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளை வீணென்று யார் கூறுவர்? சிறியதில் உடைத்துக் கற்றமையாலேதான் பெரியதில் மனிதரை ஏற்றும் துணிவு அவருக்கு வந்தது.

பேரூர்தி வெறும் பகட்டுக்குரியதும் அன்று. யப்பானிலே யமகா நிறுவனத்தார் 1987இல், 20 கிலோகிராம் சுமையேற்ற வல்ல ஆளில்லா உலங்கு வானூர்தியை உருவாக்கினர். நெல்வயலுக்கு மருந்து தெளிக்கவே அஃது அமைந்தது. பின்னர் 1997இல் அதனினும் பெரிதொன்று வந்தது. மூதூர், சம்பூர் வயல்களில் முதுகிலே மருந்துத் தாங்கியைச் சுமந்து நடக்கும் எம் உழவர் இதனைக் கேட்டால் பெருமூச்செறிவர். எம் மாணவனின் கனவும் அதுவே. தன் தந்தையின் தோள்நோவைத் தீர்க்க விரும்புகின்றான். அக்கனவை யாம் போற்றுகின்றோம். ஆயின், யப்பானில் அவ்வூர்தியை இயக்குவோர் முறைப்படி பயின்று, தேர்ச்சிச் சான்று பெற்றே வயலில் இறங்குகின்றனர். பொறியை வாங்கியவன் என்பதனால் ஒருவனை அவர்கள் வயலுக்கு அனுப்புவதில்லை. தமிழ்நாட்டிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை வளாகத்து மாணவர் ஆளில்லா வானூர்தித் துறையிற் பல்லாண்டு உழைத்து, 2018இல் அவுஸ்திரேலியாவின் குயின்சுலாந்திலே நடந்த அனைத்துலகப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றனர். அவர்க்கு வழிகாட்டியோருள் ஒருவர், இத்தகைய ஊர்திகளை நெடுங்காலம் பொழுதுபோக்காகப் பயின்ற திரைப்பட நடிகர் அஜித்குமார் என்பதை மாணவர் அறிவர். அவர் திரையிற் பெற்ற புகழை அறிந்தோர், பொறியோடு கழித்த பொழுதையும் அறிதல் நன்று.

எமது மறுப்புக்கு இன்னுமொரு காரணம் உண்டு. அதனைக் கணக்கால் அளக்க இயலாது. 2006 ஏப்பிரலில் வான்தாக்குதலுக்கும் எறிகணைக்கும் அஞ்சிச் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினோம். மட்டக்களப்பு வரை சென்று, பின்னர் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் முகாம்களிற் கிடந்து, 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே எம் மண்ணை மீண்டும் மிதித்தோம். அக்காலத்தை அறிந்தோர்க்கு, வானில் எழும் சுழலியொலி விளையாட்டொலி அன்று. நடுத்தர ஊர்தியை யாம் முதன்முறை ஏற்றியபோது, அயல்வீட்டுப் பாட்டி ஒருத்தி பேரப்பிள்ளைகள் இருவரையும் இழுத்துக்கொண்டு புளியமரத்தடிக்கு ஓடினாள். யாம் விரைந்து சென்று, "பயப்படாதீங்க ஆச்சி, இது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்" என்றோம். அவள் சற்று மூச்சு வாங்கினாள். "தெரியும் மகன், கண்ணுக்குத் தெரியுது, காலுக்குத் தெரியல்லையே" என்றாள்.

அச்சொல் எம்மை விட்டு இன்றுவரை நீங்கவில்லை. அதனாற் பொறியையே கைவிடுக என்று யாம் முடிவு செய்யவுமில்லை. அவ்வொலியை அச்சத்திற்கே என்றென்றும் விட்டுவிடுதல் எம் பிள்ளைகட்குச் செய்யும் அநீதியாகும். பையன் மறுநாள் ஆச்சியின் முற்றத்திற்குச் சென்று உள்ளங்கை ஊர்தியை அவள் கண்முன்னே இயக்கிக் காட்டினான். மூன்றாம் நாள் அவள் அதனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஊருக்கும் படிமுறை வேண்டும் என்பதை அன்றே கற்றோம். முன்னறிவிப்பு ஏதுமின்றிப் பேரூர்தி ஒன்று போட்டி மைதானத்தின்மேல் எழுந்திருக்குமாயின், எத்தனை ஆச்சிமார் எத்திசை ஓடியிருப்பர்!

அங்ஙனமாயின், மேலேறும் வழி யாது? முதலாவது, கணினியிற் பழகுதல். பறத்தலைத் திரையிற் காட்டும் பயிற்சி நிரல்கள் உள. அங்கே நூறுமுறை விழுந்தாலும் உடைவது யாதுமில்லை. இரண்டாவது, சிறியதிலும் பின் நடுத்தரத்திலும், வால், முகம், இடப்பக்கம், வலப்பக்கம் ஆகிய நான்கும் தன்னை நோக்கியிருக்க, நின்றவிடத்தே ஊர்தியை நிறுத்தப் பழகுதல். மூன்றாவது, உடைந்ததைத் தன் கையாற் கழற்றிப் பூட்டப் பழகுதல். சுழலியைப் பூட்டத் தெரியாதவன் அதன் ஆணி தளர்ந்திருப்பதை எங்ஙனம் அறிவான்? நான்காவது, பற்றரியைப் பேணக் கற்றல். பேரூர்தியின் இலிதியப் பற்றரித் தொகுதி 44 வோல்ற்று அளவினது. பிழையாக மின்னேற்றினால் வீட்டையே எரிக்கவல்லது. ஐந்தாவது, உரிய அனுமதி பெறுதல். ஆளில்லா வானூர்திகட்கு எம் நாட்டில் விதிகள் உள. கொட்டியாரக் குடாவிற்கு அப்பால் சீனன்குடாவில் விமானத் தளமும், திருக்கோணமலையிற் கடற்படைத் தளமும் இருத்தலின், நாம் இரட்டிப்புக் கவனம் கொள்ளல் வேண்டும். இவ்வைந்தும் நிறைந்தபின், மூத்தார் ஒருவர் அருகில் நிற்க, ஆளில்லா வெளியிற் பேரூர்தியை ஏற்றுக. அப்பொழுது அஃது எளிதாகவே தோன்றும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரிய கலாசாலையில் எமக்குக் கற்பித்த விதியும் இதுவே. வள்ளுவர் 'வலியறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். அது வேந்தர்க்கு மட்டும் உரியதன்று.

இந்நிலையிற் கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். உங்கள் அன்பின் அளவை யாம் அறிவோம். ஊருக்கு ஏதேனும் பெரிதாகச் செய்ய வேண்டுமென்னும் துடிப்பையும் அறிவோம். ஆயினும், பேரூர்தி ஒன்றின் விலைக்கு, கணினிப் பயிற்சி நிரலும், சிற்றூர்தி ஐந்தாறும், உதிரிப் பாகங்களும், திருத்துதற்கு ஒரு மேசையும் கருவிகளும் வாங்கலாம். ஒருவன் பார்க்கப் பலர் நிற்பதற்கு மாறாக, பலர் கற்பர். பூட்டிய அலுமாரிக்குள் உறங்கும் விலையுயர்ந்த பொருள்களை எத்தனை பாடசாலைகளிற் கண்டிருக்கின்றோம்! அவற்றைத் தந்தோர் உள்ளம் பெரிது. பெற்றோர்க்குப் படி இல்லாமற் போயிற்று. ஆகவே, உச்சியை அனுப்பாதீர், படிகளை அனுப்புங்கள். விடுமுறைக்கு வரும்போது, நீங்கள் கற்ற தொழிலை எம் மாணவருடன் இரண்டு மாலைப்பொழுது அமர்ந்து கற்பித்துச் செல்லுங்கள். அதனினும் பெரிய நன்கொடை இல்லை.

பையன் எம்மேற் கொண்ட மனத்தாங்கல் இப்பொழுது தணிந்திருக்கின்றது. அறுவடை முடிந்த வயலிலே, காற்றெழுமுன் விடியற்காலையில், நடுத்தர ஊர்தியை முகம் தன்னை நோக்க இரண்டு நிமிடம் அசையாது நிறுத்துகின்றான். அதன் சுழலியை மூன்றுமுறை தானே கழற்றிப் பூட்டியிருக்கின்றான். மாமனாரும் தொலைபேசியில் எம்மோடு பேசி, அடுத்த முறை உதிரிப் பாகங்கள் கொண்டுவருவதாகக் கூறினார். பெட்டி எம் இல்லத்துப் பரணில் இருக்கின்றது. அதனைத் திறக்கும் நாள் வரும். அன்று ஆச்சியையும் முன்கூட்டியே அழைத்து, தொலைவில் ஒரு நாற்காலியிட்டு அமர்த்துவோம் என்று பையனுக்கு வாக்களித்துள்ளோம்.

எம்மை உருவாக்கிய இக்கல்லூரியும் ஒரே நாளில் இவ்வுயரத்தை எட்டியதன்று. யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், அது மேன்மேலும் படியேறி ஓங்குக என வாழ்த்தி அமைகின்றோம்.