காசு குடுத்து பல்பு வாங்கின கதை

ரெண்டு மூணு வாரமா ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இன்னிக்கு, ரொம்ப நாளா மனசுல கெடக்குற ஒரு விஷயத்தைக் கொட்டிடறேன். எனக்குப் பழைய பல்பு சேர்க்கிற பழக்கம் உண்டு. ஸ்டாம்பு, நாணயம், தீப்பெட்டி லேபிள் சேர்க்கிறவனை யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. பல்பு சேர்க்கிறேன்னா மட்டும் "அதான் தெனமும் வாங்குறியே"ன்னு ஒரே பதில். சரி, சிரிச்சு முடிச்சுட்டீங்கன்னா மேட்டருக்கு வரேன் :-)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். ஆன்சைட்னு சொல்லி ரெண்டு வருஷம் நியூ ஜெர்சியில போட்டிருந்தாங்க. எடிசன்னு ஒரு ஊர். தடுக்கி விழுந்தா நம்மாளு மேலதான் விழணும், அப்படி ஒரு ஊர். அதுல மென்லோ பார்க்குங்கிற இடத்துலதான் 1879-ல எடிசனோட ஆய்வுக்கூடத்துல கார்பன் இழை பல்பு எரிஞ்சது. (அதே வருஷம் பிப்ரவரியிலயே இங்கிலாந்துல ஜோசப் ஸ்வான் தன் பல்பைக் காட்டிட்டார். ஆனா ஊருக்குப் பேர் வச்சது இவருக்குத்தான்.) ஆய்வுக்கூடம் இப்ப அங்க இல்ல. மிச்சம் மீதியை ஹென்றி ஃபோர்டு அள்ளிட்டுப் போய் மிச்சிகன்ல திரும்பக் கட்டி 1929-ல திறந்துட்டார். அந்த இடத்துல 1938-ல கட்டின 131 அடி கோபுரமும், அது உச்சியில ஒரு ராட்சச பல்பும் நிக்குது. ஞாயித்துக்கிழமை பொழுது போகலன்னா நான் அங்க போய் நிப்பேன். அங்க தொத்தினதுதான் இந்த வியாதி.

ஒரு நாள் பக்கத்து ஊர்ல ஒரு பழைய வீட்டுச் சாமான் விற்பனை. மேசை மேல பஞ்சுக்குள்ள ஒரு பல்பு. "எடிசன் பல்பு, 1890"ன்னு சீட்டு. தெளிவான கண்ணாடி, உச்சியில முள்ளு மாதிரி ஒரு கூர், பித்தளை மரை. விலை 85 டாலர். நானும் ஏதோ கோஹினூர் வைரம் கிடைச்ச மாதிரி, பேரம்கூட பேசாம வாங்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்த அப்புறம்தான் புத்தி வந்துச்சு. ஹென்றி ஷ்ரோடர்னு ஒருத்தர் 1923-ல ஸ்மித்சோனியன் வெளியீடா மின்விளக்கு வரலாறு ஒண்ணு எழுதியிருக்கார். அவரும் ஜான் ஹோவெலும் சேர்ந்து 1927-ல இழை பல்புக்குன்னே இன்னொரு புத்தகம் போட்டாங்க. பல்பு சேர்க்கிறவங்களுக்கு இது ரெண்டும் பஞ்சாங்கம் மாதிரி. மூணு ராத்திரி உக்காந்து படிச்சேன். படிக்கப் படிக்க வயித்துல புளி கரைச்சுது.

முதல்ல உச்சியில இருக்கற கூர். காத்தை உறிஞ்சி எடுத்துட்டு கண்ணாடியை உருக்கி மூடின இடம் அது. அமெரிக்காவுல கூர் இல்லாத பல்பு வர ஆரம்பிச்சது 1919-ல. அதனால கூர் இருக்குன்னா பழசுதான், சந்தோஷம். அடுத்தது அடிப்பாகம். மரைக்கும் நடுப்பொட்டுக்கும் நடுவுல மின்சாரம் கடத்தாத ஒரு பொருள் வேணும் இல்லையா, அது ஆரம்பத்துல பாரிஸ் சாந்து, 1900 வாக்குல பீங்கான், 1901-லேர்ந்து கண்ணாடி. என்னோடதுல பளபளன்னு கண்ணாடி. போச்சு, 1890 அப்பவே அவுட்டு. மூணாவது இழை. மேலயும் கீழயும் கம்பிக் கொக்கி வச்சு, பாய் பின்ற மாதிரி ஏத்தி இறக்கின நீளமான மெல்லிசு இழை. கார்பன்னா இப்படி வராது. டங்ஸ்டனைக் கம்பியா இழுக்கிற வித்தையை கூலிட்ஜ் கண்டுபிடிச்சது 1910 வாக்குலதான். கடைசியா கண்ணாடியில வாயால ஊதிப் பார்த்தேன். ஆவி படிஞ்சதும் மங்கலா நாலஞ்சு எழுத்து எழுந்து வந்துச்சு: 'மாஸ்டா'. பார்சிகளோட அஹுரா மஸ்டா பேரை வச்சு ஜெனரல் எலெக்ட்ரிக் 1909-ல எடுத்த வியாபாரப் பேர். ஆக என்னோட "1890 எடிசன்" பல்பு 1911-க்கு முன்னாடி பொறந்திருக்கவே முடியாது. 85 டாலர் குடுத்து பல்பு வாங்கினேன்னு சொன்னா அது ரெண்டு அர்த்தத்துலயும் உண்மை.

வித்தவர் ஏமாத்தினாரான்னா, இல்ல. அவரும் அதே மாதிரி ஒரு கையேட்டைத்தான் பார்த்திருக்கார். "கூர் இருந்தா பழசு"ங்கற வரியோட புத்தகத்தை மூடிட்டார். என் கோபமே அங்கதான் இருக்கு. கையேடு சொல்றது "இதுக்கு முன்னாடி இருக்க முடியாது", "இதுக்கு அப்புறம் இருக்கறது கஷ்டம்"னு ரெண்டு வேலி மட்டும்தான். நடுவுல எங்கன்னு அது சொல்லாது. நம்மாளுங்க (பல்பு சேர்க்கிற இனத்தைச் சொல்றேன்) அந்த ரெண்டு வேலிக்கும் நடுவுல தனக்குப் பிடிச்ச வருஷத்துல குச்சி நட்டுடறாங்க. பொட்டி தட்டுறவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, ஒரு புரோகிராம்ல 2015-ல வந்த லைப்ரரி இருந்தா அது 2015-க்கு முன்னாடி எழுதினதில்லன்னு மட்டும்தான் சொல்லலாம். 2015-ல எழுதினதுன்னு சொன்னா டீம் லீட் சிரிப்பார்.

கார்பன் இழை விஷயத்துல இந்தக் கூத்து இன்னும் மோசம். டங்ஸ்டன் வந்த மறுநாளே கார்பன் பல்பு செத்துடல. அதுக்கப்புறமும் பல வருஷம் செஞ்சு வித்திருக்காங்க. "கார்பன், அதனால பத்தொன்பதாம் நூற்றாண்டு"ன்னு சொல்றது, அம்மிக்கல்லு இருக்கு, அதனால சோழர் காலம்னு சொல்ற மாதிரி. காபி கடையில ஆரஞ்சு கலர்ல தொங்குதே, அதைப் பத்தி பேசவே வேணாம். அது பழைய பல்பு வேஷம் போட்ட புதுசு. இப்ப அதுலயும் பாதி எல்.இ.டி.

எரிய விட்டுப் பார்க்கலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க. டங்ஸ்டன் பல்புக்கு வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே ஆயுசு கிட்டத்தட்ட பாதியாயிடும். 110 வோல்ட் அமெரிக்க பல்பை நம்ம ஊர் 230-ல சொருகினா ஒரு தடவை பளிச்சுன்னு சாமி தெரியும், அவ்வளவுதான். வேரியாக் இருந்தா பாதி வோல்டேஜ்ல, இழை சிவக்கற வரைக்கும் அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல ஆசை வேணாம்.

இப்ப, இதை எழுத உக்காந்த காரணத்துக்கு வரேன்.

போன வருஷம் அம்பாசமுத்திரத்துல தாத்தா வீட்டை வித்தோம். சாமான் ஒழிக்கும்போது, மச்சுல ஒரு பழைய டின்னுக்குள்ள துணி சுத்தி ஒரு பல்பு. நம்ம ஊர் பயனட் கேப், ரெண்டு காது வச்சது. உச்சியில கூர் இல்ல. இழை சுருள் கம்பி, வளையம் மாதிரி வச்சிருக்கு. கண்ணாடியோட உச்சி மண்டையில வட்டமா ஏதோ முத்திரை, அதைச் சுத்தி எழுத்து. மச்சு இருட்டுல செல்போன் வெளிச்சத்துல அவ்வளவுதான் தெரிஞ்சுது. வெளிச்சத்துல போட்டோ எடுக்கலாம்னு திண்ணையில வச்சுட்டு, புரோக்கர் கூப்பிட்டார்னு போனேன். அரை மணி நேரம்.

திரும்பி வந்தா பல்பு கண்ணாடி டம்ளர் மாதிரி மின்னுது. அம்மா பாத்திரம் தேய்க்கிற பவுடர் போட்டு தேச்சிருக்காங்க. "ஏலே, ஒட்டடையும் எண்ணெய்ப் பிசுக்குமா கெடந்துச்சு. எப்படி பளிச்சுன்னு ஆக்கிட்டேன் பாரு"ன்னு பெருமையா வேற சொன்னாங்க. என்னத்தச் சொல்ல. நான் ஒண்ணும் சொல்லல.

முத்திரை சுத்தமா போயிடுச்சு. அதுலேர்ந்தும் ஒரு விஷயம் தெரியுது பாருங்க: அமிலத்தால அரிச்சுப் பதிச்ச முத்திரைன்னா இப்படி மொத்தமா போகாது. மையில குத்தின முத்திரையா இருந்திருக்கணும். இன்னொண்ணு, உள்பக்கம் கறுப்பு கேப் பக்கமா ஒதுங்கி இருக்கு. வெற்றிட பல்புல கறுப்பு எல்லா இடத்துலயும் பரவலாப் படியும். வாயு அடைச்ச பல்புல சூடான வாயு மேல போறதால மேல்பக்கம் சேரும். அப்ப இது வாயு அடைச்சது, கேப் மேல இருக்கற மாதிரி தொங்கி எரிஞ்சது. லாங்மியூர் வாயு பல்பு 1913. அது ஒரு வேலி. பாபநாசம் மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது 1944. எங்க வீட்டுக்கு கரண்ட் வந்தது அப்பா பொறந்த வருஷம்னு ஆச்சி சொல்வாங்க, அப்படின்னா 1961. அதுக்கு அப்புறம் எந்த வருஷம் வேணும்னாலும் வாங்கியிருக்கலாம்.

யார் செஞ்சதுன்னு பார்க்க கையேட்டைத் திறந்தா அங்க நாம இல்ல. அமெரிக்கக்காரன் எழுதினதுல மரை பல்பு. இங்கிலீஷ்காரன் எழுதினதுல பயனட் உண்டு, ஆனா கம்பெனி எல்லாம் அவன் ஊர்க் கம்பெனி. ஜாதவ்பூர்ல 1932-ல பெங்கால் லேம்ப்ஸ் ஆரம்பிச்சாங்க. பெங்களூர் மல்லேஸ்வரத்துல 1936-ல மைசூர் லேம்ப் ஒர்க்ஸ். ரெண்டுமே இப்ப ஓடல. எந்த வருஷம் எந்த முத்திரை குத்தினாங்க, கேப்புல என்ன அடையாளம்னு பக்கம் பக்கமா படத்தோட ஒரு புத்தகம் என் கைக்கு இதுவரைக்கும் சிக்கல. 2015-ல உஜாலா திட்டம் வந்ததுலேர்ந்து வீட்டுக்கு வீடு குண்டு பல்பைக் கழட்டி குப்பையில போட்டாச்சு. எங்க அம்மா தேச்ச மாதிரி எத்தனை அம்மா தேச்சாங்களோ.

அதனால நான் சொல்றது ரொம்ப சின்ன விஷயம். வீட்டுல பரண்ல, பூஜை ரூம்ல, மாட்டுத் தொழுவத்துல பழைய பல்பு ஏதாவது மாட்டினா துடைக்காதீங்க. முதல்ல போட்டோ. வெளிச்சம் பக்கவாட்டுல விழற மாதிரி வச்சு மண்டை, கேப், இழை மூணையும் எடுங்க. எழுத்து தெரியலன்னா மெதுவா ஊதிப் பாருங்க. அளவு எடுத்து, எந்த ஊர், யார் வீடுன்னு ஒரு சீட்டுல எழுதிக் கூடவே வைங்க. வருஷம் தெரியலன்னா தெரியலன்னே எழுதுங்க. தெரிஞ்ச பழைய சாமான் கடைக்காரர் ஒருத்தர் என் பல்பைப் பார்த்துட்டு, "வெள்ளைக்காரன் காலத்துதுன்னு சொல்லுங்க சார், மூவாயிரத்துக்குத் தள்ளிடலாம்"னார். அது சரியாகூட இருக்கலாம். ஆனா எனக்கோ அவருக்கோ அது தெரியாது. அப்படி எழுதி வித்தா, நாளைக்கு அதை வாங்கறவன் நியூ ஜெர்சியில நான் நின்ன இடத்துல நிப்பான்.

இப்ப அது என் அலமாரியில அதே டின்னுல இருக்கு. சீட்டுல "1913-க்குப் பின், அம்பாசமுத்திரம், முத்திரை அழிந்தது"ன்னு எழுதியிருக்கேன். கழுவி காஞ்ச அப்புறமும் நாலு தடவை ஊதிப் பார்த்துட்டேன். ஒண்ணும் வரல. எதுக்கும் மழைக்காலத்துல இன்னொரு தடவை ஊதிப் பார்க்கணும்.