இடமறிந்து அதிரட்டும்!

தொலைக்காட்சி எத்தனை அங்குலம் என்று கேட்ட காலம் போய், "சப் எத்தனை இஞ்ச்?" என்று கேட்கும் காலம் வந்துவிட்டது. எட்டு அங்குலம் போதவில்லை என்று பத்து வாங்கினார்கள். பத்தும் போதவில்லை என்று பன்னிரண்டு வாங்குகிறார்கள். பெட்டி பெரிதாகிக்கொண்டே போகிறது. அதை வீட்டில் எங்கே வைப்பது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. வாங்கி வந்த அன்று எந்த மூலை காலியாக இருந்ததோ, ஒயர் எதுவரை எட்டியதோ, அங்கேயே அது குடியேறிவிடுகிறது.

என் கருத்து இதுதான்: கூடுதல் பணம் கொடுத்துப் பெரிய பெட்டி வாங்குவதைவிட, இருக்கும் பெட்டியைச் சரியான இடத்தில் வைப்பதால் கிடைக்கும் பலன் அதிகம். அதற்கு ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை. வசனம் கேட்கவில்லை என்று முணுமுணுக்கும் நம் வீட்டுப் பாட்டிக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் உறங்கிக்கொண்டிருப்பவருக்கும் அதனால் நன்மை உண்டு.

(மொழிக் கழக இதழில் எழுதுகிறோமே, சப்வூஃபருக்கு நல்ல தமிழ்ச்சொல் ஒன்றைக் கையாளலாம் என்று நினைத்தேன். 'அடித்தொனிப் பெட்டி' என்று கேட்டால் கடைக்காரர் மரப்பெட்டி விற்கும் கடைக்கு வழி காட்டிவிடுவார் என்ற அச்சத்தால் விட்டுவிட்டேன்.)

கடைகளில் ஒரு விளக்கம் சொல்வார்கள். "பேஸ் சத்தத்துக்குத் திசை கிடையாது, எங்க வச்சாலும் ஒண்ணுதான்." இது பாதி உண்மை. ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை நம் காதுகளால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் பெரும்பாலான ஹோம் தியேட்டர் கருவிகளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றைச் சப்வூஃபருக்கு அனுப்பும்படி அமைக்கச் சொல்கிறார்கள். ஆனால் திசை தெரியாது என்பதும் இடம் முக்கியமில்லை என்பதும் வெவ்வேறு செய்திகள். பெட்டி எங்கே இருக்கிறது என்று காதுக்குத் தெரியாமல் போகலாம்; அறைக்கு நன்றாகவே தெரியும்.

எப்படி? ஒலி நம் நாட்டு வெப்பத்தில் நொடிக்குச் சுமார் 349 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அப்படியானால் 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு நீளம் ஏறத்தாழ 8.7 மீட்டர். நம் தாமான்களில் உள்ள வரிசை வீடுகள் பெரும்பாலும் 20 அடி, அதாவது சுமார் 6 மீட்டர் அகலம் கொண்டவை. அலை அறையைவிடப் பெரிதாக இருக்கிறது! அதனால் அது எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பித் திரும்பி வந்து தன்னோடு தானே கலக்கிறது. குறிப்பிட்ட சில அதிர்வெண்களில் அது நகராமல் நின்றுவிடும். இடைநிலைப்பள்ளி இயற்பியலில் 'கெலொம்பாங் பெகுன்' என்று மனனம் செய்தோமே, அதுதான். தமிழில் 'நிலை அலை' என்பார்கள். 6 மீட்டர் இடைவெளியில் முதல் நிலை அலை சுமார் 29 ஹெர்ட்ஸிலும், அடுத்தது 58 ஹெர்ட்ஸிலும், மூன்றாவது 87 ஹெர்ட்ஸிலும் உருவாகும். சுவர் ஓரத்தில் இவை எல்லாமே பலமாகக் கேட்கும். அறையின் நட்ட நடுவில் முதலாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய மறைந்துவிட, இரண்டாவது மட்டும் முழங்கும்.

இனி நம் வரவேற்பறையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கச் சுவரில் தொலைக்காட்சி, எதிர்ச்சுவரை ஒட்டி சோபா, தொலைக்காட்சி மேசைக்குப் பக்கத்து மூலையில் சப்வூஃபர். மூலை என்பது தரையும் இரண்டு சுவர்களும் சேரும் இடம். அங்கே பெட்டியை வைத்தால் அறையின் எல்லா நிலை அலைகளும் ஒரே நேரத்தில் தட்டி எழுப்பப்படும். நாமும் எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அவை அனைத்தும் பலமாக இருக்கும் இடத்தில்தான் அமர்ந்திருக்கிறோம். விளைவு? எந்தப் படத்தைப் போட்டாலும் ஒரே 'கும்...கும்...'. அதைத்தான் நம்மவர்கள் 'நல்ல பேஸ்' என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மூலையில் வைக்கச் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் அமெரிக்கக் காணொளிகளிலிருந்து வருகிறது. அங்கே பல வீடுகள் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்துக் கட்டப்பட்டவை. அத்தகைய சுவர் தாழ்ந்த ஒலிக்குச் சற்று அசைந்துகொடுத்து, அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். நம்முடையவை செங்கல்லும் சிமெண்டும். தரையோ ஓடு பதித்தது. வந்த ஒலியை அப்படியே திருப்பி அனுப்புபவை. அவர்களுக்குப் போதாமல் இருப்பது நமக்கு மிதமிஞ்சிப் போகிறது.

நல்ல பேஸ் எது என்று அறிய வெடிகுண்டுக் காட்சி உதவாது. வெடி எப்படி முழங்கினாலும் வெடிதான். இளையராஜாவின் 1980களின் பாடல் ஒன்றை எடுத்து அதில் பேஸ் கிட்டார் நடக்கும் நடையைக் கேளுங்கள். அந்தக் கருவியின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், அடுத்தது 55 ஹெர்ட்ஸ். மேலே சொன்ன 6 மீட்டர் அறையில் 55ஐ ஒட்டிய சுரங்கள் மட்டும் பூதாகரமாக எழும், மற்றவை பதுங்கிவிடும். அவர் படிப்படியாக ஏறி இறங்கும்படி எழுதியிருக்க, நமக்கு ஒரே படியில் நின்று குதிப்பதுபோல் கேட்கிறது. இது பெட்டியின் குற்றமன்று.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் இதற்குத் தவழ்தல் என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். பெட்டியும் கேட்பவரும் இடம் மாறிக்கொண்டாலும் இருவருக்கும் இடையிலான ஒலியின் அளவு மாறாது என்பது இயற்பியல் விதி. எனவே நாம் அமரும் சோபாவின் மீதே சப்வூஃபரைத் தூக்கி வைத்து, அந்தப் பேஸ் கிட்டார் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டும். பிறகு சுவர் ஓரமாகத் தரையில் தவழ்ந்து, எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் ஒரே அளவாகக் கேட்கின்றனவோ அங்கே ஒரு டேப் ஒட்ட வேண்டும். பெட்டிக்கு உரிய இடம் அதுதான்.

சென்ற பள்ளி விடுமுறையில் பெரியப்பா வீட்டில் அண்ணனும் நானும் இதைச் செய்தோம். பெரியம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "படிக்க அனுப்பினா ரெண்டு பேரும் இங்க தவழ்ந்துகிட்டு இருக்கீங்களா?" என்றார். மூன்று இடங்கள் தேறின. ஒன்று சாமி மேடைக்கு நேர் கீழே. பேச்சே எடுக்க முடியாது. மற்றொன்று சமையலறைக்குப் போகும் வழி. மூன்றாவது முன்பக்க ஜன்னலுக்குக் கீழே, காலணி அலமாரியை ஒட்டி. அலமாரியை இரண்டு அடி நகர்த்தப் பெரியம்மாவிடம் அனுமதி வாங்கத்தான் நேரம் அதிகமானது. சோபாவையும் சுவரிலிருந்து முடிந்தவரை முன்னே இழுத்தோம். அன்று மாலை படம் பார்க்கும்போது ஒலியைப் பழைய அளவைவிடக் குறைத்தே வைத்தோம், பெரியப்பா ஒரு முறைகூட "என்ன சொன்னான்?" என்று கேட்கவில்லை. தாழ்ந்த ஒலி மிகையானால் அது பேச்சொலியை மூடி மறைத்துவிடும். வசனம் புரியவில்லையென்று ஒலியைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்தே கூடும். பல வீடுகளில் மாலை நேரச் சண்டைக்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தவழ்வதற்கு வெட்கப்படுபவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் நம் வரவேற்பறைகள் பல சாப்பாட்டு அறையோடும் சமையலறையோடும் ஒன்றாகத் திறந்து கிடக்கின்றன. கதவும் ஜன்னலும் பாதி நேரம் திறந்திருக்கும். நீளவாக்கில் எங்கே அறை முடிகிறது என்றே சொல்ல முடியாதபோது கணக்கு நிற்காது. காதுதான் நிற்கும். ஒலிவாங்கியை வைத்துத் தானாகவே சரிசெய்யும் வசதியும் இப்போது பல கருவிகளில் வருகிறது. அது மிகையை அடக்கும்; ஆனால் நிலை அலையால் ஒலி மறைந்துபோன இடத்தில் எவ்வளவு சக்தியைக் கொட்டினாலும் பள்ளம் நிரம்பாது. முதலில் இடம், பிறகுதான் கருவி.

பணம் இருக்கிறது, செலவு செய்தே தீருவேன் என்பவர்களுக்கும் வழி உண்டு. ஹார்மன் நிறுவனத்தின் ஆய்வாளர் டாட் வெல்டி 2002ஆம் ஆண்டில் எத்தனை சப்வூஃபர்கள் போதும் என்பதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். செவ்வக அறையில் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஆளுக்கொன்றாக இரண்டு வைத்தாலே, அமர்ந்திருக்கும் எல்லோருக்கும் பெருமளவு சீரான ஒலி கிடைக்கிறது என்பது அதில் தெரியவந்தது. ஆகவே ஒரு பூதத்தை வாங்கும் விலையில் சிறியவை இரண்டை வாங்குவதே மேல்.

அண்டை வீட்டாரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஒரு சுவர் எவ்வளவு ஒலியைத் தடுக்கும் என்பது அதன் எடையையும் ஒலியின் அதிர்வெண்ணையும் பொறுத்தது. அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் தடுப்பு ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. எனவே வசனமும் வயலினும் நம் வீட்டிலேயே தங்கிவிட, அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்வது அந்த 'கும்' மட்டுமே. படமும் இல்லை, பாட்டும் இல்லை, வெறும் அதிர்ச்சி! பெரியப்பாவின் பக்கத்து வீட்டு மக்சிக் இரவுப் பணி செய்யும் தாதி, பகலில்தான் உறங்குவார். அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நம் நாட்டில் அண்டை வீட்டார் எளிதில் குறை சொல்லமாட்டார்கள். தீபாவளிக்கு நாம் கொடுக்கும் முறுக்கைப் புன்னகையோடு வாங்கிக்கொள்பவர், அன்றைக்கு நம் சப்வூஃபரையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார். அவர் பேசவில்லை என்பதற்காக அவருக்குக் கேட்கவில்லை என்று ஆகிவிடுமா?

எனவே தேறிய இடங்களில் பொதுச்சுவரை ஒட்டாத இடத்தையே தேர்ந்தெடுங்கள். பெட்டிக்கு அடியில் ரப்பர் வைத்தால் தரை வழியாகச் செல்லும் அதிர்வு குறையும். காற்று வழியாகச் செல்வது குறையாது. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு நம் தரை இன்னொருவரின் கூரை. அவர்களுக்கு நான் சொல்வது, சிறிய பெட்டியாக வாங்கிச் சோபாவின் கைப்பிடியை ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள். காதுக்கு அருகில் இருப்பதால் மிகக் குறைந்த ஒலியிலேயே நிறைவு கிடைக்கும். பார்ப்பதற்குப் பக்க மேசைபோல்தான் இருக்கும். அதன் மேல் தேநீர்க் குவளையை வைக்கக் கூடாது என்று வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.